ராத்திரி மூணு மணிக்கு விடிந்த கடல்

போன நவம்பரில் ஒரு நாள், டீ ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து வந்த கீழ் வீட்டு அண்ணன் என்னை வழியில் நிறுத்தி, "ஏன் தம்பி, ராத்திரி மூணு மணிக்கு உங்க வீட்டுல வெல்டிங் ஓடுதா?" என்று கேட்டார். கோத்தகிரியில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது, ஹால் ஜன்னலில் என்ன எரிந்தாலும் எதிர் மேட்டுத் தேயிலைக் காடு வரைக்கும் தெரியும். எரிந்தது, உப்புத் தண்ணீரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் என் தொட்டியின் எல்இடி விளக்கு.

கணக்குப் போட்டுப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. மழையில் போன கரண்ட் மாலை 5 மணிக்குத் திரும்பியிருக்கிறது. விளக்குக்குள் இருந்த கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, அதனால் கரண்ட் வந்த நொடியே அதற்கு நள்ளிரவு 00:00. காலை 10 மணிக்கு எரிய வேண்டும் என்று நான் வைத்திருந்தேன், அதுவும் சொன்ன சொல் தவறாமல் பத்து மணி நேரம் கழித்து, அதாவது அதிகாலை 3 மணிக்கு, விடிய வைத்துவிட்டது. மூன்று நாள் இப்படியே ஓடியிருக்கிறது. காலையில் எரிவதைப் பார்த்து அம்மாதான் போட்டிருப்பார் என்று நான் நினைத்தேன், நான் போட்டதாக அம்மா நினைத்திருக்கிறார்.

தொட்டி ஒன்றும் பெரிதில்லை. இரண்டடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி, கல்லும் மணலும் போக நூறு லிட்டர் தண்ணீர் நிற்கும். உள்ளே மீன்கள், பவளத்தில் லெதர், ஸோவா, மஷ்ரூம் என்று மென்பவளங்கள் மட்டும். கல் மாதிரிக் கூடு கட்டும் கல்பவளம் பக்கமே போகவில்லை. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர், மன்னார் வளைகுடாவில் எடுத்த சின்னத் துண்டுதான் என்று யாராவது நீட்டினாலும் தொடாதீர்கள், புலி இருக்கும் அதே அட்டவணைதான் அது.

கடிகாரத்துக்கு வைத்தியம் சுலபமாக முடிந்தது. பழைய கன்ட்ரோல் போர்டைக் கழற்றிவிட்டு ஈஎஸ்பி32 என்ற, நாமே புரோகிராம் எழுதிக்கொள்ளும் சின்னக் கணினி போர்டும், பக்கத்தில் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லும் வைத்தேன். சில்லுக்குத் தனியாக ஒரு பட்டன் பேட்டரி உண்டு, கரண்ட் இரண்டு நாள் இல்லாவிட்டாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு வருஷத்துக்கு ஒரு நிமிஷம் பிசகினாலே அதிகம். வைஃபை வழியாக இணையத்தில் நேரம் எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். எங்கள் மலையில் கரண்ட் போகும்போது நெட்டும் சேர்ந்துதான் போகும், கரண்ட் முதலில் வரும், நெட் மனசு வந்தால் வரும். இந்த ஊரில் விளக்கு ஷெட்யூல் போடுகிறவர்கள் ஆப்பின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே கடிகார பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது வெளிச்சத்தின் அளவு. இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். விளக்கு வந்த முதல் வாரம், ஆப்பில் ஏற்கெனவே இருந்த ஒரு டெம்ப்ளேட்டைத் தட்டிவிட்டேன், பகல் முழுக்க 80 சதவீதம். நாலே நாளில் லெதர் சுருங்கிக்கொண்டது, ஸோவாவில் பாதி வாயே திறக்கவில்லை, மஷ்ரூம் வெளிறிப் போனது. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் ஒளியை உணவாக்கி அதற்குக் கொடுக்கிறது. அந்தப் பாசி தாங்க முடியாத அளவுக்கு ஒளி வந்தால் கேடு செய்யும் ஆக்சிஜன் வகைகள் உள்ளே சேர்ந்துவிடும், அப்போது பவளம் பாசியையே வெளியே தள்ளிவிடும், வெளிறுவது அதனால்தான். பயந்துபோய் 15 சதவீதத்துக்கு இறக்கி, வாரத்துக்கு 5 சதவீதம் என்று ஏற்றிக்கொண்டு வந்தேன். மஷ்ரூமுக்கு நிறம் திரும்ப இரண்டு மாதம் ஆனது.

கண்ணை நம்பியதும் தப்பு. எல்இடியை 20 சதவீதத்தில் வைத்தாலும் நம் கண்ணுக்குப் பாதிக்கு மேல் எரிகிற மாதிரித்தான் இருக்கும். போனில் இருக்கும் லக்ஸ் ஆப்பும் உதவாது, ஏனென்றால் லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, 555 நானோமீட்டர் பச்சைக்குத்தான் அதில் மதிப்பு அதிகம். பவளத்துக்கு முக்கியமான 450 பக்கத்து நீலத்தை அது கிட்டத்தட்டக் கண்டுகொள்வதே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து நண்பர் ஒருவரின் பார் மீட்டரை, அதாவது பாசி உணவாக்கப் பயன்படுத்தும் ஒளியை அளக்கும் கருவியை, இரண்டு நாளைக்குக் கடன் வாங்கி வந்து அளந்தேன். நீலம் 45, வெள்ளை 12 சதவீதத்தில், மேல் கல்லில் பார் அளவு 140, அடி மணலில் 55. மென்பவளத்துக்கு இது தாராளம். அந்த 80 சதவீத வாரத்தில் மேல் கல்லில் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

சரி, எத்தனை மணி நேரம்? ஆப்பில் வரும் வளைகோட்டைப் பார்த்து எல்லோரும் மயங்குகிறார்கள், விடியல், மேகம், மின்னல் எல்லாம் இருக்கிறது. பவளம் வாங்கிக்கொள்வது அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைத்தான். ஒரே சீராக இரண்டு மணி நேரம் ஏறும் விடியல், முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சமம். என்னுடையது 10 மணிக்குத் தொடங்கி 12 மணிக்கு உச்சத்துக்குப் போகும், மாலை 6 வரை அப்படியே நிற்கும், பிறகு மெதுவாக இறங்கி 9.30க்கு அணையும். ஒன்று, ஆறு, ஒன்றே முக்கால், மொத்தம் எட்டே முக்கால் மணி நேரம். முதலில் ஊர்ச் சூரியனோடு சேர்த்து 6 டு 6 வைத்திருந்தேன், வேலை முடித்து வீட்டுக்கு வந்தால் இருட்டுத் தொட்டிதான் கிடைக்கும், அதற்கா இவ்வளவு செலவு? தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும், எந்த நேரம் என்பதை வீட்டு ஆட்களின் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிலா வெளிச்சம் என்று விடிய விடிய நீலத்தைப் போட்டு வைப்பதும் வேண்டாம், மீன் தூங்க இருட்டு வேண்டும். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் நிலவொளி, பருவ வெப்பநிலை, பகல் நீளம் மூன்றையும் போலச் செய்து பவளங்களை முட்டையிட வைத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது வேறு லெவல் வேலை, நம் ஹாலில் நீல விளக்கு மட்டும் போட்டால் அது நடக்காது.

மலைக்கென்று சில தொல்லைகள் உண்டு. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, அதனால் கீழே தண்ணீரில் கரையும் ஆக்சிஜனில் ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே கரையும். இருட்டில் மீன், பவளம், பாசி எல்லாமே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை விடும், குளிருக்கு ஜன்னலையும் சாத்திவிடுகிறோம், அந்த கார்பன் டை ஆக்சைடு சேரச் சேரத் தண்ணீரின் பிஎச் குறையும், விடியற்காலை 7.8க்கு இறங்கிவிட்டது. அதனால் அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டியில் கீட்டோ என்ற நூல் மாதிரிப் பாசி கொஞ்சம் போட்டு, அதற்கு மட்டும் ராத்திரி 10 முதல் காலை 9 வரை தனி விளக்கு, வெளிச்சத்தில் அது கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும். இப்போது 7.95க்குக் கீழே போவதில்லை. மேல் பக்கம் நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி பம்ப்பைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, அறை 12 டிகிரி, தண்ணீர் 25 டிகிரி. ஆவி எழும்பி விளக்கின் லென்ஸில் படியும், உப்பும் கூடவே. இரண்டு வாரம் துடைக்காமல் விட்டால் நீங்கள் ஆப்பில் போட்ட சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆர்ஓ தண்ணீர் தொட்ட துணியால் துடைப்பது ஷெட்யூலில் சேர்த்தி. கரண்ட் போனால் விளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், மூன்று நாள் இருட்டைப் பவளம் தாங்கும். ஹீட்டர் நின்றால்தான் ஆபத்து, இன்வெர்ட்டரில் பம்ப்பை மட்டும் போட்டுவிட்டு தொட்டியைக் கம்பளியால் சுற்றிவிடுவேன்.

ஜனவரியில் புரோகிராமைத் திருத்தும்போது ஒரு தப்பு செய்தேன். உலக நேரத்திலிருந்து நம் நேரம் 19,800 நொடி தள்ளி இருக்கிறது, நான் முழு ஐந்து மணி நேரம் என்று 18,000 போட்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்குத் தொட்டிதான் கடிகாரம், வெள்ளை அணைந்து நீலம் மட்டும் நிற்கும்போது சீரியல் தொடங்க வேண்டும். இரண்டாம் நாளே, "டேய், உன் கடல் அரை மணி நேரம் லேட்டா ஓடுதுடா, எனக்கு சீரியல்ல பாதி போச்சு" என்றார்.