நடுக்கோடு யாருக்கு?

15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அரச வம்சாவளிச் சுருளைப் பார்க்க வாய்த்தால், எழுத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் நடுவில் இறங்கும் கோட்டைப் பாருங்கள். அரியணைக்கு மோதிய லங்காஸ்டர், யார்க் குடும்பங்களில் சுருளைச் செய்தவர் யார் பக்கம் என்பதை அதுவே பெரும்பாலும் சொல்லிவிடும்.

ஓர் ஆட்டுத்தோலிலோ கன்றுத்தோலிலோ நீளவாக்கில் ஏறத்தாழ முக்கால் மீட்டர்தான் தேறும். ஐந்து மீட்டர் சுருளுக்கு ஏழெட்டுத் தோல்களைப் பசையால் ஒட்டியாக வேண்டும். முதலில் கவராயத்தால் வட்டங்கள் (மையத்தில் ஊசி குத்திய துளை இன்றும் தெரியும்), பிறகு அவற்றை இணைக்கும் சிவப்பு, பச்சைக் கோடுகள், கடைசியில்தான் எழுத்து. வட்டத்துக்குள் பெயர், மிஞ்சிய சந்துபொந்துகளில் வரலாறு. சிக்கலே இந்த வரிசையால்தான். கணக்குத் தப்பினால் ஓர் அரசனின் கதை அடுத்த அரசனின் வட்டத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பிள்ளைகளுக்கென்று போட்ட வட்டங்கள் பெயரில்லாமல் காலியாகக் கிடக்கும்.

மூன்றாம் எட்வர்டின் பிள்ளைகளிடம் வந்ததும்தான் உண்மையான வேலை. லயனல், கான்ட் ஜான் இருவரில் லயனல் மூத்தவர். 1399இல் முடியைப் பிடித்த நான்காம் ஹென்றி, ஜானின் மகன்; இவர் வழிதான் லங்காஸ்டர் தரப்பு. 1461இல் அரியணை ஏறிய நான்காம் எட்வர்ட், தாய்வழியும் கலந்து லயனலிடமிருந்து வருபவர்: லயனல் மகள் பிலிப்பா, அவர் வழியில் மார்ட்டிமர்கள், கடைசியில் ஆன் மார்ட்டிமர் வழியாக யார்க் குடும்பம். ஆட்கள் மாறுவதில்லை; யாரை நடுவில் இறக்குவது, யாரை ஓரங்கட்டுவது என்பதுதான் மாறும். நான்காம் எட்வர்டின் ஆட்கள் ஒருபடி மேலே போய், மார்ட்டிமர் குடும்பத்தில் மருமகளாக வந்த வேல்ஸ் இளவரசி குவ்லாடிஸ் வழியே பழைய பிரிட்டானிய அரசன் காட்வாலடர் வரை உறவு காட்டினார்கள். அந்த உறவுக் கோடு நெடுந்தூரம் தனியாக வர வேண்டும். முன்கூட்டியே இடம் விடாதவர் வேறு கோடுகளைக் குறுக்கே வெட்டித்தான் போக முடியும்.

புதிதாகச் செய்யாமல் பழையதையே திருத்துவதும் உண்டு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில், கேன்டர்பரி பல்கலைக்கழகத்திலுள்ள சுருள் பைபிளின் நோவாவில் தொடங்குகிறது. லங்காஸ்டர் தரப்புக்காக எழுதப்பட்டு, பின்னால் யார்க் தரப்பின் கை பட்டது. இப்படிப்பட்ட சுருளில் மையின் நிறம், பேனா முனையின் பருமன், சுரண்டிய இடத்தில் தோலின் சொரசொரப்பு ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். எனக்கு ஒழுங்காக முடித்த சுருளைவிட இந்த மாதிரி ஒட்டுவேலையே சுவை.

தலைப்பகுதி வெளிச்சுற்றில் இருப்பதால் அழுக்கும் கிழிசலும் ஆதாமுக்கோ நோவாவுக்கோதான் முதலில் வரும். சர்ச்சைக்குரிய அண்மைத் தலைமுறைகள் உள்ளே பத்திரமாக இருக்கும். செம்புக் களிம்பிலிருந்து எடுத்த பச்சை, நாளடைவில் தோலையே அரித்துவிடும். கனமாகப் பூசிய வண்ணம் ஒவ்வொரு முறை சுருட்டும்போதும் விரிசல் விட்டு உதிரும். பசை விட்ட ஒட்டுகளில் கோடு ஒரு நூலளவு விலகினாலும், இரண்டு தம்பிகளில் யாருடைய மகன் யார் என்பது குழம்பிவிடும். ஆகவே படத்தில் பார்ப்பவர்கள் ஒட்டு விழும் இடங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உறவுமுறையை எழுதிக்கொள்ளுங்கள்.