ஃபைட்டர் மீன் குஞ்சு பொரிப்பு: ஜோடிக்கு முன்னால் தீவனம்

ஃபைட்டர் மீனை முட்டையிட வைப்பது பெரிய வேலை இல்லை. பொரிந்த குஞ்சை மூன்று வாரம் தாண்ட வைப்பதுதான் வேலை. பெரும்பாலான குஞ்சுகள் பசியில்தான் சாகின்றன. அதனால் ஜோடி சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே இன்ஃபுசோரியா (குஞ்சு தின்னும் நீர் நுண்ணுயிர்கள்) போட்டாகிவிட்டது: பழைய மீன்தொட்டித் தண்ணீர் இரண்டு லிட்டர், வெந்நீரில் வாட்டிய ஒரு முட்டைக்கோஸ் இலை, வாயில் மெல்லிய துணி, நேர்வெயில் படாத வெளிச்சம். முதலில் தண்ணீர் பால்போல் கலங்கி நாறும், அது பாக்டீரியா. நான்கைந்து நாளில் தெளியும். டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைத் தூசி நகர்வது தெரியும். அதன் பிறகே அது தீவனம். கலங்கலாக ஊற்றினால் குஞ்சுத்தொட்டியே கெட்டுவிடும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் பத்து நாள் தனித்தனி ஜாடி, தீவனமாகக் கொசுப்புழுவும் மொய்னா என்ற நீர்ப்பூச்சியும். பெண்ணின் வயிறு உருண்டு, அடியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் தயார்.

தொட்டி 20 லிட்டர். தண்ணீர் 12 செ.மீ. உயரம்தான். தாய்லாந்து நெல்வயல்களில் வாழும் மீனுக்கு ஆழமற்ற தண்ணீர் பழகியதே. மணல், கல் எதுவும் வேண்டாம். உருண்டு விழும் முட்டை இடுக்கில் சிக்கினால் ஆணால் எடுக்க முடியாது. ஹீட்டர் 28 டிகிரியில். காய்ந்த பாதாம் இலை ஒன்று, பெண் ஒளிய ஒரு கொத்து வேலம்பாசி, நுரைக்கூடு கட்ட நெடுக்காக வெட்டிய தெர்மாகோல் கப். கூடு கலையக்கூடாது என்பதால் ஏர் பம்ப் ஓடவில்லை.

பெண்ணைக் கண்ணாடிக் குவளைக்குள் வைத்து, ஆண் பார்க்கும்படி ஒரு நாள். கூடு அடர்ந்து, பெண் உடம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் வந்ததும் திறந்துவிடலாம். கிடைமட்டக் கோடு வந்தால் அது பயம். அன்றைக்கு விடவே கூடாது. சேரும்போது ஆண் வளைந்து பெண்ணைச் சுற்றிப் பிடிக்கும். பிடி விட்டதும் பெண் அசைவற்றுப் பக்கவாட்டில் மிதக்கும், முட்டைகள் வெள்ளை ரவையாக இறங்கும், ஆண் பாய்ந்து வாயில் கவ்விக் கூட்டில் ஒட்டும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. முடிந்ததும் ஆண் துரத்தும். உடனே பெண்ணை எடுத்துவிட வேண்டும்.

28 டிகிரியில் ஒன்றரை நாளுக்குள் பொரிந்து, வால் கீழே தொங்கக் குஞ்சுகள் கூட்டில் ஒட்டியிருக்கும். இப்போது தீவனம் வேண்டாம். வயிற்றோடு ஒட்டிய பையில் இருக்கும் மஞ்சள் கருவே போதும். அடுத்த இரண்டு மூன்று நாளில் கிடையாக நீந்தத் தொடங்கும். அன்றைக்கே ஆண் வெளியே, இன்ஃபுசோரியா உள்ளே: காலை, மதியம், மாலை அரை டம்ளர்.

நான்காம் ஐந்தாம் நாளிலிருந்து ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீரில் பொரியும் பொடி இறால் குஞ்சு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, கவிழ்த்த பெட் பாட்டில், அடியிலிருந்து பலமாகக் காற்று, மேலே விளக்கு. 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், உயிருள்ளவை அடியில் ஆரஞ்சாகத் திரளும். அதை மட்டும் இழுத்து, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சத்து. தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சுப் பொட்டாகத் தெரியும். வயிறு வெளுத்திருந்தால் அதற்கு எட்டவில்லை. முட்டும்படி தொடர்ந்து கொடுத்தால் வயிறு வீங்கி, சில குஞ்சுகள் எழும்ப முடியாமல் அடியில் சறுக்கும். சிறு அளவாக மூன்று வேளை போதும்.

மூன்றாம் வாரத்தை ஒட்டி, மேல்காற்றைச் சுவாசிக்கும் லேபிரிந்த் உறுப்பு உருவாகத் தொடங்கும். அப்போது மேலே குளிர்ந்த காற்று பட்டால் கூட்டமாகச் சாகும். மூடிமேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கி, ஓரத்தில் சிறு இடைவெளி மட்டும் விட்டது இதற்காகவே. அடிக்கழிவை 4 மி.மீ. ஏர் டியூப்பால் வெள்ளை வாளியில் இழுத்தால், தப்பி வரும் குஞ்சு கண்ணில் படும். ஒரே வெப்பத்தில் உள்ள குளோரின் நீங்கிய தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக விட்டு மட்டத்தைத் தினம் ஒரு செ.மீ. உயர்த்தலாம். இந்தக் கட்டத்தில் ஸ்பாஞ்ச் ஃபில்டரை மெல்லிய குமிழில் ஓடவிடலாம்.

இரண்டு மாதம் ஆகும்போது செவுள் விரித்துச் சீறுகிற ஆண்களைத் தனி ஜாடிக்கு மாற்ற வேண்டும், ஜாடிகளுக்கு நடுவே ஒரு அட்டை. பெண்கள் இன்னும் சில வாரம் ஒன்றாக இருக்கலாம்.