மனக்கோயிலுக்கும் ஒரு கிணறு

கட்டட மேற்பார்வை வேலையில் 30 ஆண்டுகளைக் கழித்துவிட்டதால், எந்தக் கோயிலுக்குப் போனாலும் என் கண் சந்நிதியைத் தேடும் முன்பே அடித்தளத்துக்குப் போய்விடுகிறது. இது பக்திக் குறைவு என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள், நானும் மறுத்ததில்லை. சென்ற ஐப்பசியில் காஞ்சிபுரம் கைலாசநாதரையும் திருநின்றவூர் இருதயாலீஸ்வரரையும் ஒரே நாளில் தரிசித்துவிட்டுத் திரும்பியபோது, அந்தப் பழக்கத்தால் எனக்கு ஒரு நன்மையும் விளைந்ததாகத் தோன்றியது.

இரண்டு ஊர்களையும் அந்த வரிசையில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பெரியபுராணத்தில் காடவர் கோமானான பல்லவ அரசன் ஒருவன் கச்சி எனப்படும் காஞ்சியில் கற்றளி, அதாவது கற்கோயில், எடுத்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்ட நிலையில், முதல்நாள் இரவு அவன் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூரில் பூசல் என்னும் அன்பன் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்துக்குள் தாம் நாளை புகப்போவதால், உன் கோயில் விழாவைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள் என்று சொல்லி மறைகிறார். அந்த அரசன் காஞ்சியிலிருந்து நின்றவூருக்குப் போன திசையிலேயே நானும் போக விரும்பினேன். அவன் தேரும் படையுமாகப் போயிருப்பான். எனக்கு இரண்டு பேருந்துகள் மாறவேண்டியிருந்தது.

கைலாசநாதர் கோயில் ராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்தது. பெரும்பகுதி மணற்கல், பாரம் தாங்கும் அடிவரிசைக்கு மட்டும் கருங்கல்லை வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்த அந்தத் தச்சனின் கணக்கு சரியாக இருந்ததை, குனிந்து விரலால் தடவிப் பார்த்தபோது உணர்ந்தேன். மேலே உள்ள மணற்கல் சிற்பங்கள் பல இடங்களில் மழுங்கியிருக்கின்றன. பிற்காலத்தில் பூசிய சுண்ணாம்பு சில முகங்களைப் பொம்மை முகங்களாக மாற்றியிருக்கிறது. பூச்சு உதிர்ந்த இடங்களில்தான் பழைய உளியின் கூர்மை தெரிகிறது. கருவறையைச் சுற்றி ஊர்ந்து செல்லவேண்டிய குறுகிய வழியில் நுழைந்துவர என் முழங்கால்கள் இடம் தரவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை.

நான் வெகுநேரம் நின்றது திருச்சுற்று மதிலை ஒட்டி வரிசையாக அமைந்த சிற்றாலயங்களின் முன்புதான். 58 என்று கணக்குச் சொல்கிறார்கள். அவற்றில் அரசனின் விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன: அத்யந்தகாமன், ஸ்ரீபரன், ரணஜயன் என்று இருநூறுக்கும் மேல். அழகான எழுத்துகள், நீண்டும் வளைந்தும் கொடிபோல் ஓடுகின்றன. ஒருவன் தன்னைப் பற்றி இருநூறு முறை கல்லில் எழுதிக்கொள்வதைப் பார்த்துச் சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் நாங்கள் கட்டிய ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் பளிங்குப் பலகையில் எத்தனை பெயர்கள் வெட்டப்படும் என்பதும், அவற்றுள் என் பெயர் இல்லாதபோது நான் எப்படி முகம் சுளித்திருக்கிறேன் என்பதும் நினைவுக்கு வர, சிரிப்பு வரவில்லை. இந்தக் கோயிலின் கல்வெட்டு ஒன்று, கலியுகத்திலும் அசரீரி வாக்கைக் கேட்டவன் என்று இந்த அரசனைப் புகழ்கிறது. பூசலார் பெயர் அதில் இல்லை. ஆயினும் அந்தக் கனவோடு இதைச் சேர்த்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. அவ்வளவு பெயர்களைச் சூடிக்கொண்ட ஒருவன், தன் விழாவைத் தள்ளிவைத்துவிட்டு முகமறியாத ஓர் அடியாரைத் தேடிப் புறப்பட்டான் என்றால், அந்தப் பெயர்களை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிடலாம்.

பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. பூசலார் வரலாற்றைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கையில் பொருள் இல்லாத அந்தணர் மனத்திலேயே கோயில் கட்டினார், ஆகவே மனம் இருந்தால் போதும் என்பதுதான் மேடைதோறும் சொல்லப்படுகிறது. இந்த விளக்கத்தில் எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல் உண்டு. மனம் இருந்தால் போதும் என்று பேசுகிறவர்களில் பெரும்பாலோர் வேலையிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறவர்கள் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த சந்தேகம்.

சேக்கிழார் சொல்வது வேறாக இருக்கிறது. பூசலார் முதலில் பொருள் தேடி அலைந்து பார்க்கிறார், எங்கும் கிடைக்கவில்லை. பிறகே மனத்துக்குள் திரும்புகிறார். அங்கும் அவர் நினைத்த மாத்திரத்தில் கோபுரத்தை எழுப்பிவிடவில்லை. சிறிது சிறிதாகப் பொருள் சேர்க்கிறார், தச்சர்களைத் தேடுகிறார், நல்ல நாள் பார்த்து அடிநிலை எடுக்கிறார், இரவிலும் கண் துயிலாமல் உழைக்கிறார். உபானம் என்னும் அடிவரிசை முதலாக ஒவ்வொரு படையையும் முறைப்படி அமைத்து, சிகரத்தை நினைத்த முழக் கணக்கில் நிறுத்தி, தூபி நட்டு, சுதை வேலை முடித்து, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, குளமும் வெட்டிய பிறகே குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார்.

அந்தக் கிணறுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மனத்துக்குள் இருக்கும் கோயிலுக்குத் தண்ணீர் எதற்கு? அபிஷேக நீர் வேண்டுமென்றால் நினைத்துக்கொண்டால் போதாதா? யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் கோயில் என்றால் கிணறு உண்டு என்பதால் அவர் தோண்டினார். கேட்க ஆளில்லாத இடத்திலும் அவர் முறையைக் குறைக்கவில்லை.

நான் குறைத்திருக்கிறேன். கான்கிரீட் போட்டால் குறைந்தது 7 நாள்களாவது அதை ஈரம் காயாமல் வைத்திருக்கவேண்டும். சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றுவதும் தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்துவதும் அதற்காகத்தான். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் மாடித் தளத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வராத ஒரு ஞாயிறும் திங்களும், நான் போய்ப் பார்க்காமலேயே பதிவேட்டில் இரண்டு நாள்களுக்கும் ‘நீர் ஊற்றப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பம் இட்டேன். தளம் விழுந்துவிடவில்லை, இன்றும் பிள்ளைகள் அதன் கீழ் படிக்கிறார்கள். மேலே மட்டும் மயிரிழை போலச் சில விரிசல்கள் ஓடின. அவற்றின் மீது ஒரு பூச்சு கொடுத்தோம். வெயில் அதிகம் என்று எல்லோரும் பேசிக்கொண்டபோது நானும் ஆமாம் என்றேன். பிற்காலத்தில் எத்தனையோ வேலைகளை ஒழுங்காகச் செய்திருந்தும், அந்த இரண்டு வரிகளின் மை மட்டும் என் கண்ணில் உலரவில்லை.

திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாளையும் என்னைப் பெற்ற தாயாரையும் முதலில் சேவித்தேன். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றுக்கு அந்த அரைமணி நேரம் போதாதுதான். இருதயாலீஸ்வரர் கோயில் அங்கிருந்து பக்கம். காலையில் பார்த்த மதில்களுக்குப் பிறகு, இக்கோயில் கையடக்கமாகத் தெரிந்தது. இறைவனுக்குத் துணையாக மரகதாம்பாள். கருவறைக்குள் லிங்கத்துக்கு அருகிலேயே பூசலாரும் இருக்கிறார். வெளிச்சுற்றில் வரிசையாக வைக்கப்படும் நாயன்மார் ஒருவர் இங்கே உள்ளே, இறைவனுக்குப் பக்கத்தில் இடம் பெற்றிருக்கிறார். தீபாராதனைத் தட்டு லிங்கத்தைச் சுற்றி வந்து அவர்பக்கம் ஒரு கணம் நின்றபோது, கூப்பிய அந்தக் கைகள் மட்டும் வெளிச்சத்தில் தெரிந்து மறைந்தன.

இதயநோய் உள்ளவர்கள் வேண்டிக்கொள்ள வரும் தலம் இது. எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா, மருத்துவமனை உறை ஒன்றை மார்போடு அணைத்திருந்தார். அதன் ஓரங்கள் மடங்கி மடங்கிக் கிழிந்திருந்தன. குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது மகன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னவர், சற்றுத் தயங்கி, “சாமி, ஆபரேஷனுக்குப் பணம் கட்டிட்டோம். டாக்டர் சொன்ன மாத்திரையெல்லாம் கொடுத்துட்டுத்தான் வர்றேன்” என்றார். குருக்கள், “நல்லதும்மா, அதையும் விடாதீங்க” என்று சொல்லித் திருநீறு கொடுத்தார். தன் பங்கு வேலையை முடித்துவிட்டே வந்திருப்பதாக இறைவன் முன்னிலையில் கணக்கு ஒப்படைத்த அந்தக் குரல், நான் கேட்ட எந்த உபன்யாசத்தைக் காட்டிலும் பூசலாருக்கு நெருக்கமாக இருந்தது.

பிராகாரத்தில் உட்கார்ந்து கதையின் கடைசிப் பகுதியை நினைத்துப் பார்த்தேன். அரசன் வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று விசாரிக்கிறான். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லையே என்கிறார்கள் ஊரார். நெடுநாள் இரவு பகலாக உழைத்தவர் பக்கத்து வீட்டாரிடம்கூட மூச்சு விடவில்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. அரசனே வந்து வணங்கிக் கேட்டபோது அவர் மருண்டு, என்னையும் ஒரு பொருளாக எண்ணி எம்பெருமான் அருள்செய்தாரே என்று வியந்து, பொருள் இல்லாமையால் மனத்தில் முயன்ற கோயில் இது என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறார். அரசன் நிலத்தில் விழுந்து வணங்கி ஊர் திரும்புகிறான். பூசலாரோ குறித்த பொழுதில் இறைவனை உள்ளே எழுந்தருளச் செய்து, அன்றாடப் பூசையைத் தொடர்கிறார்.

மாலை மின்சார ரயிலில் கூட்டம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, விளையாட்டாகத்தான், நானும் ஒரு சிறு கோயிலை மனத்தில் கட்டிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். தொழில் தெரிந்தவன் என்ற தெம்பு வேறு. மனை பார்த்து, மூலைமட்டம் பிடித்து, கயிறு கட்டி, வானம் எனப்படும் அடித்தளக் குழியைத் தோண்டத் தொடங்கியவுடன், ஆழம் எத்தனை அடி, மண்ணை எங்கே கொட்டுவது, கூலி யார் தருவது என்று மனம் மதிப்பீட்டுத் தாளுக்குத் தாவியது. இழுத்து வந்தேன். மறுபடி தோண்டும்போது, இந்த அனுபவத்தை வீட்டில் எப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று வசனம் அமைத்துக்கொண்டிருந்தேன். மீண்டும் இழுத்து வந்து பார்த்தபோது ஒரு மூலையில் குழி மற்ற மூன்றைவிட ஆழம் குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்யாமல் மேலே போய்விடலாம், யாருக்குத் தெரியும் என்று தோன்றிய அந்த நொடியில் எனக்கே வெட்கமாகப் போய், அந்த மூலையில் இறங்கித் தோண்டிக்கொண்டிருந்தபோது ஆவடி வந்துவிட்டது.