மான் தடமும் ஏரிக்கரையும்

ஸ்காட்லாந்தின் லோஹாபர் பகுதியில் கிளென் ராய் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஹெதர் புதரும் ஈரக் கரிமண்ணும் மூடிய மேட்டு நிலம், இயற்கைக் காப்பகம். மலைச்சரிவுகளில் 260, 325, 350 மீட்டர் உயரங்களில் மூன்று கோடுகள், ஸ்கேல் வைத்துக் கீறினாற்போல ஓடும். ஃபிங்கல் என்ற வீரன் வேட்டையாடப் போட்ட சாலைகள் என்பது ஊர்க்கதை.

ஒரு கோடைக்காலம் அங்கே அளவைக் குழுவில் உதவியாளாக இருந்தேன். நடுக்கோட்டிலேயே நடந்து, மண் அரித்த இடங்களை ஜிபிஎஸ்ஸில் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் வாரமே மானம் போனது. முக்கால் மணி நேரம் நடந்த பிறகு வாக்கிடாக்கியில் எதிர்ச்சரிவிலிருந்து மூத்தவரின் குரல்: “எங்கே போகிறாய்? கோடு உனக்குக் கீழே கிடக்கிறது.” ஜிபிஎஸ்ஸைப் பார்த்தேன், 341 மீட்டர். நான் ஏறிக்கொண்டிருந்தது மான்கள் போட்ட தடம்.

தூரத்தில் பளிச்சென்று தெரிகிற கோடு, மேலே போய் நின்றால் காணாமல் போய்விடுகிறது. லேசாகச் சாய்ந்த ஒரு படி, அதில் புல், கல், சேறு. நான் கண்ணால் தேடியது பாதையை. அது பாதையே இல்லை, எப்போதோ இருந்த ஏரி ஒன்றின் கரை.

மதியம் சாண்ட்விச் தின்றபடி அவர் டார்வின் கதையைச் சொன்னார் (எனக்கு ஆறுதலாகத்தான் இருக்க வேண்டும்). 1838-இல் டார்வின் இங்கே வந்தார். தென்னமெரிக்காவில் உயர்ந்து நின்ற பழைய கடற்கரைகளைப் பார்த்துத் திரும்பியவர். இவையும் கடற்கரைகளே என்று மறுவருடம் கட்டுரை எழுதினார். ஏரி என்றால் தண்ணீரைத் தடுத்த அணை எங்கே? அந்தக் கேள்வி அவரை ஏரிப் பக்கம் போக விடவில்லை. இத்தனைக்கும் ஒரு கடற்சிப்பிகூட அங்கே கிடைக்கவில்லை. 1840-இல் சுவிஸ் இயற்கையியலாளர் லூயி அகாசி வந்து, அணை பனிக்கட்டி, அது உருகிவிட்டது என்றார். டார்வின் ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கட்டுரை பெரும் தோல்வி, வெட்கமாக இருக்கிறது என்று தன்வரலாற்றில் எழுதிவைத்தார்.

சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கிலிருந்து வந்த பனியாறு பள்ளத்தாக்கின் வாயை அடைத்தது. தேங்கிய நீர், திறந்திருந்த கணவாய் ஒன்றின் வழியாக வழிந்தது. அதனால் நீர்மட்டம் அந்தக் கணவாயின் உயரத்திலேயே நின்றது. பனி முன்னேறி அதை மூடினால், அடுத்த கணவாய் வரைக்கும் நீர் ஏறும். பனி பின்வாங்கியபோது அதே படிகளில் இறங்கியது. எனக்கு இதில் பிடித்ததே இந்தக் கணக்குத்தான். கோட்டின் உயரமும் கணவாயின் உயரமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

கடைசி வாரம் ஓடைக்கரை ஒன்றில், அனுமதி வாங்கி, பழைய ஏரிப்படிவைக் கரண்டியால் சீவினோம். வெளிர் வரி, கருவரி, மறுபடி வெளிர் வரி. வெளிர் வரி கோடையில் வந்த வண்டல். கருவரி, மேலே உறைந்த குளிர்காலத்தில் மெதுவாகப் படிந்த களிமண். இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம், சில மில்லிமீட்டர்தான். ஒரு சாண் உயரத்தை ஆளுக்கொரு தடவை எண்ணினோம். எனக்கு 38, அவருக்கு 41. சரி, மறுபடி எண்ணலாம் என்று குனிந்தோம், அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.