புதன்கிழமை போகாதீர்கள்: அம்மாவின் மாத்திரை ஊர் மாறிய கதை

அம்மாவுக்கு வயது 67. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீடு தேடி மாத்திரை தரும் தமிழக அரசுத் திட்டமான ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எங்கள் ஊருக்கு வந்ததிலிருந்து, மாத்திரைக்காக அம்மா பஸ் ஏறியதே இல்லை. தன்னார்வலர் அக்கா மாதந்தோறும் வீட்டுக்கே வந்து, அழுத்தம் பார்த்து, அழுத்தத்துக்கு அம்லோடிபினும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கொடுத்துவிட்டுப் போவார். அப்பா மறைந்தபின் அம்மாவை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். எல்லாம் அதன்பிறகுதான் குழம்பியது.

இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் மருந்து விவரம் எழுதிய நோட்டைக் காட்டினேன். பதிவேட்டில் அம்மா பெயர் பழைய ஊரில் இருக்கிறது, அங்கே நீக்கிவிட்டு வந்தால்தான் இங்கே சேர்க்க முடியும் என்றார் முன்மேசை ஊழியர். அரை நாள் விடுப்பு எடுத்து, இரண்டு பஸ் மாறிப் பழைய ஊர் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அன்று புதன்கிழமை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். வராந்தா முழுக்கக் கைக்குழந்தைகள். சர்க்கரை, அழுத்தம் பார்க்கும் செவிலியர் வேறு கிராமத்துக்கு முகாமுக்குப் போயிருந்தார். “வெள்ளிக்கிழமை வாருங்கள்” என்ற அங்கிருந்த ஊழியரிடம், எங்கிருந்து வருகிறேன் என்று சொல்லியும் பயனில்லை. அழுகையை அடக்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

அதற்குள் அம்மாவின் மாத்திரை தீர்ந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. தலை கனக்கிறது என்றார். பயந்துபோய்த் தெருமுனைத் தனியார் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒரு புது மாத்திரை எழுதினார். பழைய நோட்டை எடுத்துப் போக எனக்குத் தோன்றவில்லை. இந்தத் தவறு என்னுடையது.

அம்மாவின் பதிவை இங்கே மாற்றுவது கடைசியில் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்தது. பழைய ஊர் தன்னார்வலர் அக்காவை அழைத்தேன். “இதற்கா இவ்வளவு தூரம் அலைந்தாய் கண்ணு?” என்றவர், அங்குள்ள செவிலியரின் எண்ணைக் கொடுத்தார். அந்தச் செவிலியரையும் இங்குள்ள செவிலியரையும் பேசவைத்தேன். அம்மா பெயர் அப்பாவின் பழைய கைபேசி எண்ணில் பதிவாகியிருந்ததாம். அதைச் சொன்னதும் கிடைத்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறு வாரமே இந்தப் பகுதித் தன்னார்வலர் மாத்திரையோடு வாசலில் நின்றார்.

நிம்மதி பதினைந்து நாள்தான் நீடித்தது. அம்மாவின் கணுக்கால்கள் வீங்கின. எழுந்தால் தலை சுற்றியது. துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த செவிலியர், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் எடுத்து வரச் சொன்னார். பையை மேசைமேல் கொட்டி, ஒவ்வோர் அட்டையாகத் திருப்பி, பெரிய எழுத்தில் உள்ள கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு அதன்கீழ் பொடி எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படித்தார். தனியார் மருத்துவர் எழுதியது டெல்மிசார்டன் என்ற இன்னோர் அழுத்த மருந்தும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை. அரசு மாத்திரையும் அம்லோடிபின். நிறம் வேறு, பெயர் வேறு என்பதால் அம்மா இரண்டையும் விழுங்கியிருக்கிறார். அழுத்தம் 100/60. அன்றே மருத்துவ அலுவலரிடம் அனுப்பினார். அவர் ஒன்றை நிறுத்தினார். பத்து நாளில் வீக்கம் வடிந்தது.

மாத்திரையை வீட்டு வாசல் வரை கொண்டுவரும் திட்டத்தின்மீது எனக்குக் குறையே இல்லை. ஆனால் நோயாளி ஊர் மாறும்போது அவருடைய விவரமும் தானாகக் கூடவே வர வேண்டும். தனியாரிடம் பார்ப்பவர்களின் மருந்தும் அதே நோட்டில் ஏற வேண்டும். அதுவரை அந்த வேலை நம் தலையில்தான்.

ஊர் மாறப் போகிறவர்கள், கிளம்புமுன் தன்னார்வலரிடமும் செவிலியரிடமும் சொல்லி, அவர்கள் எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கைபேசி எண்ணில் பதிவு இருக்கிறது என்றும் கேளுங்கள். ஒரு மாத மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். நேரில் போவதானால் முதல் நாளே அழைத்துக் கேளுங்கள், புதன்கிழமை வேண்டாம். எந்த மருத்துவரிடம் போனாலும் மாத்திரைப் பையோடு போங்கள்.

அம்மாவின் நோட்டில் முதல் பக்கத்தில் இப்போது மூன்று மருந்துகளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். போன மாதம் புது அட்டை வந்தபோது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மாவே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.