ஸ்காவா, ராக்ஸ்டெடியா, ரெக்கேயா? ஜமைக்கா பகுதிக்கு நான் படித்த விதம்

எம்.ஏ. இசையியலில் எங்களுக்கு உலக இசை வரலாறு என்றொரு பேப்பர். அதில் ஜமைக்காவுக்குத் தனிப் பகுதி. ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெக்கே என்று அந்தத் தீவில் அடுத்தடுத்து வந்த மூன்று இசை வகைகள்தான் பாடம். ஒரு நெடுங்கட்டுரை, அப்புறம் அரை நிமிடப் பாட்டுத் துண்டுகள் ஐந்தைப் போட்டு ‘இது எந்த வகை?’ என்று கேட்பார்கள். உள்தேர்வில் ஐந்துக்கும் ‘ரெக்கே’ என்று எழுதிவிட்டு வந்தேன். ஒன்று சரி.

ஆண்டுகளை நெட்டுரு போட்டேனே தவிர, பாட்டைக் கேட்கவே இல்லை. அடுத்த ஒரு மாதம் ராத்திரியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேசையில் தட்டித் தட்டிப் படித்தேன். நீங்களும் நாலு எண்ணிப் பாருங்கள். எண்களுக்கு நடுவே, நாம் அரை இடம் என்கிற இடத்தில், கிட்டார் ‘சக் சக்’ என்று வெட்டும். இது மூன்றுக்கும் பொது. வித்தியாசம் பேஸ் கிட்டாரில் இருக்கிறது. ஸ்காவில் அது எண்ணுக்கு ஒரு ஸ்வரமாக நிற்காமல் நடக்கும். வேகமும் அதிகம், டிராம்போனும் டிரம்பெட்டும் முன்னால் நிற்கும். 1966 வாக்கில் வரும் ராக்ஸ்டெடியில் வேகம் இறங்கிவிடும். பேஸ் இரண்டு மூன்று ஸ்வரம் வாசித்துவிட்டுச் சும்மா இருக்கும். ரெக்கேயில் அடியில் ஆர்கன் குமிழி விடுவதுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். சமத்தில், அதாவது முதல் எண்ணில், டிரம் அடி விழாத ‘ஒன் டிராப்’பும் ரெக்கேயின் அடையாளம்தான், ஆனால் அது ராக்ஸ்டெடியிலேயே தலைகாட்டுவதால் அதை மட்டும் நம்பாதீர்கள். அடி மூன்றில் விழும் என்று படித்திருப்பீர்கள். அது இரட்டை வேகத்தில் எண்ணும் கணக்கு. என் கணக்கில் அது இரண்டிலும் நான்கிலும் வரும்.

கட்டுரையை ரெக்கே பாடகர் பாப் மார்லியில் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். நான் 1950களின் கிங்ஸ்டனில் தொடங்கினேன். இசைக்குழுவை அமர்த்தக் காசில்லாத மக்களுக்காகப் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளோடு ‘சவுண்ட் சிஸ்டம்’ வந்தது. அதில் ஓடியதெல்லாம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகள். சவுண்ட் சிஸ்டம் நடத்திய காக்ஸோன் டாட் தன்னிடம் இருந்த தட்டின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவாராம், போட்டிக்காரர் பெயரைப் பார்த்து வாங்கிவிடக் கூடாதே! அமெரிக்காவில் ரசனை ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்ப, அந்த மாதிரித் தட்டு வரத்துக் குறைந்தது. சரி, நாமே பதிவு செய்வோம் என்று இறங்கினார்கள். ஸ்கா பிறந்த காரணம் இதுதான். இதை ஒரு பக்கம் எழுதலாம். 1962 ஆகஸ்ட் 6 ஜமைக்காவின் விடுதலை, 1963இல் டாட் திறந்த ‘ஸ்டூடியோ ஒன்’ பதிவுக்கூடம், 1964இல் ஸ்கட்டலைட்ஸ் குழு எல்லாம் இதன் பின்னால் தானாக வந்து உட்காரும். அந்தக் குழுவில் பலர் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் வாத்தியம் கற்றவர்கள்.

மார்லிக்கு நாலு வரி போதும். மிச்ச இடத்தை ஒலிப்பதிவாளர் கிங் டபிக்குக் கொடுங்கள். மின்சாதனங்களைப் பழுதுபார்த்துப் பழகிய அந்தக் கை, பதிவான பாட்டில் குரலை எடுத்துவிட்டு எதிரொலியைப் போட்டு ‘டப்’ செய்தது. 1967இல் கிங்ஸ்டனிலிருந்து நியூயார்க்கின் பிராங்க்ஸுக்குப் போன சிறுவன்தான் பின்னாளில் ஹிப் ஹாப்பைத் தொடங்கிவைத்த டிஜே கூல் ஹெர்க். இதையும் சேர்த்தால் கட்டுரை தீவுக்குள்ளேயே முடங்காது.

இறுதித் தேர்வில் ஐந்தில் நான்கு சரி. தவறிய துண்டு 1968ஆம் ஆண்டுப் பாட்டு. நான் ராக்ஸ்டெடி என்றேன், விடைக்குறிப்பில் ரெக்கே. இன்னமும் எனக்கு ஒத்துக்கொள்ள மனமில்லை.