மூன்று நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள்

அப்பா ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் 24 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். குடியை விடுவதற்கு மருத்துவரிடம் வருகிறேன் என்று அவர் வாயால் கேட்க நாங்கள் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தோம். அப்படிச் சொன்னவரை ஒரு கவுன்ட்டரில் இருமுறை திருப்பி அனுப்பினார்கள் என்பதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அவர் என்னுடன் பெங்களூரு அல்சூரில் இருக்கிறார், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு மட்டும் வேலூர் முகவரியில் இருந்தது. மனநல மருத்துவரைப் பார்க்க ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்) கேட்டு, பக்கத்திலிருந்த அத்திட்டத்தின் பாலிகிளினிக்குக்குப் போனபோது, "வேலூரிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்றார் எழுத்தர். விடிகாலை ரயிலில் காட்பாடி போய் இறங்கினோம். அங்கிருந்தவர்களோ, "எந்த ஊர்ப் பாலிகிளினிக்கிலும் காட்டலாமே, ஏனம்மா இவ்வளவு தூரம் அலைந்தீர்கள்?" என்று கேட்டார்கள். என் ஒரு நாள் சம்பளமும் அப்பாவின் ஒரு நாள் மனவுறுதியும் அந்தப் பயணத்தில் போயின. உங்களிடமும் இப்படிச் சொன்னால் எழுத்தரோடு வாதாடாமல் நேரே பொறுப்பு அதிகாரியிடம் செல்லுங்கள்.

மறுபடி பெங்களூரு பாலிகிளினிக்குக்குப் போனபோது அப்பாவின் மீது மது வாடை அடித்தது. "குடித்துவிட்டு வந்தால் டாக்டர் பார்க்க மாட்டார், மூன்று நாள் நிறுத்திவிட்டுக் கூட்டி வாம்மா" என்றார் அதே எழுத்தர். நாங்களும் நம்பி நிறுத்தினோம். முதல் நாள் மாலையே கை நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்தது, இரவு முழுவதும் தூக்கமில்லை. இரண்டாம் நாள் நள்ளிரவில் வலிப்பு வந்து, குளியலறை வாசலில் தலை அடிபட விழுந்தார்.

ஆண்டுக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை அதற்கேற்பப் பழகியிருப்பதால், திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம் என்றும், அதற்குப் பிறகு நினைவு குழம்பிப் பிதற்றும் நிலை உயிரையே எடுக்கலாம் என்றும் மருத்துவர் பிறகு விளக்கினார். லோராசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, நாட்கணக்கில் அளவைக் குறைத்துத்தான் இதைக் கடக்க வேண்டுமாம். சோர்ந்து கிடக்கிறாரே என்று குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி நானும் கெஞ்சினேன். அதற்கு முன்பு தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்த வலிப்பு வந்த இரவில், இ.சி.எச்.எஸ். பட்டியலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையிலும் முதலில் ரெஃபரல்தான் கேட்டார்கள். அவசரநிலையில் முன்கூட்டியே ரெஃபரல் தேவையில்லை, 48 மணி நேரத்துக்குள் இ.சி.எச்.எஸ்.ஸுக்கு மருத்துவமனைதான் தகவல் அனுப்ப வேண்டும் என்று கார்டை மேசைமேல் வைத்து நின்றேன், அனுமதித்தார்கள். அசல் கார்டை எப்போதும் கையிலேயே வைத்திருங்கள்.

பணியில் இருந்தபோதே ஏன் சொல்லவில்லை என்று வார்டில் கேட்டேன். எல்.எம்.சி. (குறைந்த மருத்துவத் தகுதிப் பிரிவு) ஆக்கிவிட்டால் பிரமோஷன் போய்விடும் என்ற பயம்தான் என்றார். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 48-ஆம் பிரிவில் போதையில் இருப்பதே குற்றம். மெஸ்ஸிலோ ரம் கிடைக்கும். இதற்கு நடுவில் உதவி வேண்டும் என்று எந்த ஜவான் வாய் திறப்பான்? தண்டனைக்கு அஞ்சாமல் சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால் அப்பா பத்து ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

பிறகு ஓசூர் சாலையில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸின் போதை மருத்துவப் பிரிவில் எல்லாம் சிக்கலின்றி நடந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை: சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பொடி கொண்டுவந்தார். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் போன்ற மருந்தைக் குடிப்பவருக்கே தெரியாமல் கொடுத்து, அதன்மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகலாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச உதவி எண் இருக்கிறது.

ராணுவக் கேண்டீனில் மது வாங்கும் கார்டை அப்பாவே என்னிடம் கொடுத்துவிட்டார். சென்ற வாரம் ஆம்பூரிலிருந்து அவருடைய பழைய செக்‌ஷன் தோழர் போனில் பேசினார், நாளையிலிருந்து விடப்போகிறாராம். "சும்மா நிறுத்தாதேடா, முதலில் டாக்டரிடம் போ" என்று அப்பா அவரிடம் இரண்டு முறை சொன்னார்.